பேர் ஷம்ஸியா, நம்பர் காஜா முகைதீன்

மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் எதைத் தொடங்கினாலும் மனைவி ஷம்ஸியாவின் பேரில்தான் தொடங்குவார். ஜெராக்ஸ் கடை அவள் பேரில், வீட்டுக் கரண்ட் அவள் பேரில், வாசலில் நின்ற ஸ்கூட்டரும் அவள் பேரில். அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. "அவ பேர்ல வச்சா பரக்கத்து, வீடு செழிக்கும்" என்பார். கேட்ட பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் எந்த விண்ணப்பத்திலும் பேருக்குக் கீழே இன்னொரு கட்டம் உண்டு, கைபேசி எண் என்று. அதில் மட்டும் அவர் தம்முடைய எண்ணை எழுதுவார். ஷம்ஸியாவின் ஆதாரில் அவர் எண், காஸ் புத்தகத்தில் அவர் எண், வங்கியில் அவர் எண். இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை, ஷம்ஸியாவும் நினைக்கவில்லை. நம் பக்கத்தில் முக்கால்வாசி வீட்டில் இதுதான் நடப்பு. சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டு அம்மாளின் அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள்.

காஜா முகைதீன் மவுத்தாகி, அதாவது கண்ணை மூடி, தொண்ணூற்றேழாவது நாள், ஒரு புதன்கிழமை காலையில், அந்தக் கட்டம் ஷம்ஸியாவின் கழுத்தைப் பிடித்தது.

ஷம்ஸியா ஏர்வாடிக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்த் தட்டச்சில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவள். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அரபு நாட்டில் ஆறு வருஷம் கிடந்து, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்து, பட்ட பாடெல்லாம் பட்டு ஊர் வந்து சேர்ந்தவர். "எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்க ஆள் இருந்திருந்தா ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருப்பேன்" என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னார். அவள் பழைய தட்டச்சு மிஷின் ஒன்று வாங்கித்தரச் சொன்னாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது இருபத்தேழு வருஷம் நடந்தது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவனின் பெண்டாட்டி, சம்பளம் வராதவனின் தகப்பன், காணாமற்போனவனின் உம்மா என்று வள்ளியூரிலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் ஆட்கள் ஜெராக்ஸ் கடைக்கு வருவார்கள். காஜா முகைதீன் கதையைக் கேட்டு வந்து வீட்டில் சொல்வார். உள்ளறையில் உட்கார்ந்து ஷம்ஸியா கடிதம் அடிப்பாள். கையெழுத்து அவருடையது. காசு வாங்குவதில்லை. தூதரகத்தில் ஒரு பெரிய அதிகாரி, 'மிஸ்டர் காஜாவின் ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது' என்று ஒரு முறை பாராட்டி எழுதியிருந்தார். மிஸ்டர் காஜாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எஸ், நோ, ஓவர்டைம்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, இலவச மின்னஞ்சலில் அனுப்பும் மனுக்களை எவனும் திறந்தே பார்ப்பதில்லை என்று தெரிந்தபோது, சொந்தமாக ஒரு இணைய முகவரி வாங்கினார்கள். கரைசேர் டாட் இன். "டாட் காம் உலகத்துக்கே பொது. டாட் இன்னுன்னாத்தான் நம்ம நாட்டுக்காரன்னு தெரியும்" என்று காஜா முகைதீன் அதையே பிடித்துக்கொண்டார். உரிமையாளர் பேர், வழக்கம்போல, ஷம்ஸியா. எண், வழக்கம்போல, அவருடையது.

அந்த எட்டு வருஷத்தில் அவள் ஒரு நாளும் அந்த முகவரியின் உரிமையாளர் என்று தன்னை நினைத்ததில்லை. இப்போது நினைக்க வேண்டி வந்தது.

மகள் மர்வா கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். உம்மா இத்தா இருப்பதால் துணைக்கு வந்திருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அந்தக் காலம் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும் "காஜா மவுத்தாயிட்டாவளே" என்று இவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஷம்ஸியாவும் அழுதாள். ஆனால் அந்த வார்த்தையை அவள் தன் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று காலை மர்வா லேப்டாப்பைத் திறந்தவள், "உம்மா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை.

முகவரியை விற்ற கம்பெனியிலிருந்து கடைசி எச்சரிக்கை வந்திருந்தது. நாட்டுப் பேரில் முடியும் முகவரியை வைத்திருப்பவர் நிஜமான ஆளாக இருக்க வேண்டும். பேரும் விலாசமும் உண்மையாக இருக்க வேண்டும். நடுவில் வேறு ஆளை நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்ளக் கூடாது. மோசடித் தளங்கள் பெருகிவிட்டதால் பழைய முகவரிகளையும் சரிபார்க்கிறார்கள். உரிமையாளர் தம் ஆதாரைக் கொடுத்து, அதோடு சேர்ந்த கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டு, தாம் யார் என்று காட்ட வேண்டும். கெடு இன்று மாலை ஐந்து மணி. தவறினால் முகவரி முடக்கப்படும்.

"இதுக்கு முன்னாடி சொல்லவே இல்லையே?" என்றாள் ஷம்ஸியா.

மர்வாவின் முகம் செத்துப்போயிற்று. "மூணு தடவ வந்திச்சும்மா. ஆதார் குடு, ஓடிபி குடுன்னு இருந்திச்சா, பிராடுப் பயலுவன்னு நெனச்சு நாந்தான் குப்பையில போட்டேன்."

அவளைத் திட்ட முடியாது. கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் காஜா முகைதீன் கைப்பட எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருந்தது: 'ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே. கா.மு.'

வேறு சமயமாக இருந்தால் முகவரி போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். இப்போது முடியாது. வள்ளியூர் ஷமீம் என்பவளின் மகன் சல்மான் ஃபாரிஸ், இருபத்துமூன்று வயது, டிரைவர் வேலை என்று போனவனைப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டிருந்தார்கள். பதினான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. ஓடிப்போய் ஒரு முகாமில் அடைபட்டுக் கிடந்தான். அவன் மனுவை எழுதியதுதான் ஷம்ஸியாவும் காஜா முகைதீனும் சேர்ந்து செய்த கடைசி வேலை. நாலு மாதம் கழித்து மனு பலித்திருந்தது. அவன் ஊர் திரும்ப அனுமதிக் கடிதம் நாளை வியாழக்கிழமை வரும், மனுவில் கொடுத்த கரைசேர் மின்னஞ்சலுக்கு மட்டுமே வரும் என்று தூதரகத்தில் தகவல் சொல்லியிருந்தார்கள். அதை உடனே முகாமுக்கு அனுப்பினால் சனிக்கிழமை விமானம். மின்னஞ்சலை மாற்ற வேண்டுமென்றால் மனுதாரன் நேரில் வந்து புது மனு கொடுக்க வேண்டும். அடைபட்டுக் கிடக்கிறவன் எங்கே நேரில் போவது?

முகவரி முடங்கினால் அந்தக் கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

மர்வா கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள். பத்து நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள், மெட்ராஸ் பேச்சு.

"ரிஜிஸ்டர் பண்ணவங்க உயிரோட இருக்காங்களா மேடம்?"

"இருக்காங்க. எங்க உம்மா. பக்கத்துலதான் இருக்காங்க."

"அப்போ அவங்கதான் பண்ணணும். நீங்க பண்ண முடியாது."

"ஆதார்ல இருக்க நம்பர் எங்க வாப்பா நம்பர். அவங்க இப்ப இல்ல."

"அப்போ ஆதார் சென்டருக்கு அவங்க நேர்ல போய், கைரேகை வச்சு நம்பர மாத்தணும். மாற ஒரு வாரம்கூட ஆகலாம். அதுக்குள்ள முடக்கிட்டாங்கன்னா, திரும்ப எடுக்க பேப்பர் எல்லாம் அனுப்பி வெயிட் பண்ணணும் மேடம். இன்னொண்ணு, ஓடிபி பத்து நிமிஷம்தான். மூணு தடவைதான் அனுப்புவாங்க, அதுக்குள்ள போடலன்னா நாளைக்குத்தான் மறுபடி ட்ரை பண்ண முடியும்."

நாளைக்கு என்றால் கெடு தாண்டிவிடும். ஆக இருப்பது மூன்றே வாய்ப்பு, அதுவும் மாலை ஐந்துக்குள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் ஷம்ஸியாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"வாப்பா போன் எங்கம்மா?" என்றாள் மர்வா. கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மறுநாள் காஜா முகைதீனின் உடைமைகளை அவர் பேரில் ஸதகாவாக, தானமாகக் கொடுத்தார்கள். அதை நடத்தியவள் அவருடைய அக்கா பாத்து. சட்டைகளைப் பள்ளிவாசல் மோதினாருக்கு, கைக்கடிகாரத்தை அண்ணன் மகன் ஒருவனுக்கு, கைபேசியை சுடலைக்கண்ணுவுக்கு என்று அவளே பங்கு வைத்தாள். சுடலைக்கண்ணு கருங்குளத்துக்காரர், லோடு வேன் ஓட்டுகிறவர். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வரும், வெளிநாட்டில் இறந்தவர்களின் மய்யித்துப் பெட்டிகளை ஏற்றிவர காஜா முகைதீன் இருபது வருஷமாக அவர் வண்டியைத்தான் கூப்பிடுவார். கைபேசியைக் கொடுக்கும்போது சிம்மைக் கழற்ற வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு பாத்து ஒரே போடாகப் போட்டாள்: "மவுத்தானவுக பேர்ல குடுக்குறத முழுசாக் குடுக்கணும். பிச்சுப் பிடுங்கிக் குடுத்தா ஸதகாவா அது?"

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் அளக்காமல் போட்டார்கள். காஜா முகைதீனின் எண் அவருடைய கைபேசிக்குள் இருந்தபடியே வேனில் ஏறிப் போய்விட்டது.

மர்வா அந்த எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சுடலைக்கண்ணுவின் சொந்த எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே.

"கடைசியா ரீசார்ஜ் பண்ணுனது எப்பம்மா?" என்று கேட்டாள் மர்வா.

ஷம்ஸியா விரல் விட்டு எண்ணினாள். அவர் மவுத்தாவதற்கு ஒரு மாதம் முன்னால். மூன்று மாதத் திட்டம். அது முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கட்டணம் போடாத எண்ணுக்கு எதுவும் வராது, கொஞ்ச நாளில் எண்ணையே வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள். சுடலைக்கண்ணு சிம்மை எடுத்து எறிந்திருக்கலாம். தம் சிம்மைப் போட்டிருக்கலாம். அதுதானே இயல்பு, கொடுத்த போன் அவருடையதுதானே.

பதினொரு மணிக்கு மர்வா பொறுக்க முடியாமல் ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். ஒருவேளை போன் ஆனில் இருந்தால், ஒருவேளை அவர் பார்த்துக் கூப்பிட்டால் என்று ஒரு நப்பாசை. திரையில் பத்து நிமிஷம் ஓடி முடிந்தது. ஒரு வாய்ப்பு வீணாயிற்று.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?" என்று ஷம்ஸியா கத்தினாள். பிறந்ததிலிருந்து மகளை அவள் அப்படிக் கத்தியதில்லை. மர்வா அழ ஆரம்பித்தாள்.

மத்தியானத் தொழுகைக்கு, லுஹருக்குப் பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டு ஷம்ஸியா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. ஒன்றரை மணிக்கு ஷமீம் பேசினாள். "மைனி, நாளைக்கு லெட்டர் வந்துரும்லா? அவனுக்குப் புடிச்ச நெத்திலி வாங்கி வச்சிருக்கேன்" என்றாள். சனிக்கிழமை வருகிறவனுக்குப் புதன்கிழமையே கருவாடு வாங்கிய தாயிடம் என்ன சொல்வது? "வந்துரும்" என்று சொல்லிவிட்டு ஷம்ஸியா போனை மர்வாவிடம் கொடுத்தாள்.

அங்கே இங்கே விசாரித்ததில் சுடலைக்கண்ணு சாத்தான்குளம் பக்கம் கருப்பட்டி லோடுக்குப் போயிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மர்வா அடித்துக்கொண்டே இருந்தாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவரே கூப்பிட்டார்.

"ஏ பாப்பா, என்ன, இருவது மிஸ்டு கால் கெடக்கு? வீட்ல எல்லாரும் சொகமா? தேரிக்காட்டு மணலுக்குள்ள இருந்தேன், அங்கன டவர் கெடையாது."

"மாமா, வாப்பா போன் எங்க?"

"வண்டியிலதான் கெடக்கு. பேட்டரி நிக்க மாட்டேங்கு. அணஞ்சிருக்கும்."

"அதுல வாப்பா சிம் இருக்கா?"

"இருக்கே."

மர்வா ஸ்பீக்கரைப் போட்டாள். போனை வண்டி சார்ஜரில் மாட்டி உயிர் கொடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. 'வந்திட்டு பாப்பா, ஒத்தக் கோடு சார்ஜ் ஏறியிருக்கு' என்று அவர் சொன்னபோது மணி நாலேகால். மர்வா இரண்டாம் முறை பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் டிங் என்று ஒலித்தது இங்கேயே கேட்டது. எண்ணுக்கு இன்னும் உயிர் இருந்தது. எப்படி இருந்தது என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

"ஆறு நம்பர் வந்திருக்கும் மாமா, சொல்லுங்க."

சுடலைக்கண்ணு மெசேஜை எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா?"

"பாப்பா, இது ஓடிபில்லா?"

"ஆமா."

"ஓடிபிய நான் சொல்ல மாட்டேன்."

மர்வா தலையில் அடித்துக்கொண்டாள். போன வருஷம் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ ஓடிபி கேட்டு சுடலைக்கண்ணுவின் கணக்கைத் துடைத்துவிட்டான். அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய் அலைந்தவர் காஜா முகைதீன்தான். அலைந்து பயனில்லாமல் திரும்பிய அன்று, இனி ஓடிபியை எவனுக்கும் சொல்ல மாட்டேன் என்று சுடலைமாடன் மேல் சத்தியம் வாங்கியவரும் அவரேதான்.

"மாமா, நான் மர்வா பேசுதேன். என் குரல் தெரியலையா?"

"இப்பம்லாம் கம்ப்யூட்டர வச்சு பெத்த பிள்ள குரல்லயே பேசுதானாம், பாப்பா. நீயாத்தான் இருக்கும். ஆனா இது யாருக்கு வந்த ஓடிபி?"

"உம்மாவுக்கு."

"அப்பம் மைனிட்டதான் சொல்லணும். ஆள் மாறிச் சொல்லப்பிடாது."

காலையில் மெட்ராஸ்காரி சொன்ன அதே சட்டத்தை மாலையில் சாத்தான்குளம் ரோட்டோரம் நின்று சுடலைக்கண்ணு சொன்னார். மர்வா கெஞ்சினாள், சல்மான் ஃபாரிஸ் கதையைச் சொன்னாள், கடைசியில் சண்டை போட்டாள். மனுஷன் அசையவில்லை. திரையில் நேரம் ஓடி முடிந்து, இரண்டாவது வாய்ப்பும் போயிற்று. மணி நாலு இருபத்தேழு.

ஷம்ஸியா கையை நீட்டினாள். "போனைக் குடு."

அடுப்படி வாசலில் நின்ற பாத்து அப்போதுதான் வாய் திறந்தாள். அறுபத்திரண்டு வயது, தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இந்தத் தொண்ணூற்றேழு நாளும் ஷம்ஸியாவின் இத்தாவைத் தன் இத்தாவைப்போலக் காத்தவள். "ஏ ஷம்ஸியா, நீ என்ன செய்யுதே? இத்தாவுல இருக்கவ அந்நிய ஆம்பிளட்ட வாய் குடுத்துப் பேசலாமா? நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

"தேவைக்குப் பேசலாம் லாத்தா. இது தேவை."

"ஒன் தேவையா? எவனோ ஒருத்தன் தேவை."

"அவனுக்கும் ஒரு உம்மா இருக்கா லாத்தா. நெத்திலி வாங்கி வச்சிட்டுக் காத்திருக்கா. பாவம்னா என் கணக்குல எழுதட்டும். எல்லாத்தையும்தான் என் பேர்ல எழுதியிருக்காவளே, இதையும் எழுதட்டும்."

பாத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். போய்ப் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது.

ஷம்ஸியா போனைக் காதில் வைத்தாள். இருபது வருஷமாக அந்த மனிதர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சாயா குடித்திருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து 'மர்வா, சாயாவக் கொண்டு போய்க் குடு' என்பதற்கு மேல் அவர் காதில் விழும்படி அவள் பேசியதில்லை. நேருக்கு நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"சுடலை அண்ணே, நான்தான் பேசுதேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மெல்லக் கேட்டார். "மைனி, கோவிச்சுக்கிடாதிய. அண்ணாச்சிக்குக் குடுத்த சத்தியம். எனக்கு எப்படிச் சாயா போடுவிய, அதை மட்டும் சொல்லுங்க."

"சீனி போட மாட்டேன், ஒங்களுக்குச் சுகர். ஏலக்கா தட்டிப் போடுவேன். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, மர்வாட்ட சைகை காட்டி ஒரு கரண்டி சீனி வாங்கிப் போட்டுக்கிடுவிய. அதுவும் எனக்குத் தெரியும்."

"ஐயோ, மைனி நீங்களேதான்" என்றார் சுடலைக்கண்ணு.

மர்வா கடைசி முறையாகப் பொத்தானை அழுத்தினாள். மணி நாலு முப்பத்தொன்பது. டிங் சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஷம்ஸியா ஸலவாத்து ஓதிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நிமிஷம் ஒலித்தது.

"மைனி, இங்கன மூணு மெசேஜ் கெடக்கு. எதைச் சொல்ல?"

"கடைசியா வந்தது. மேல இருக்கதா, கீழ இருக்கதா, பையப் பாருங்க. மணி போட்டிருக்கும், நாலு நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கதச் சொல்லுங்க. அவசரப்படாதிய."

"சார்ஜ் செவப்பாயிட்டு மைனி. ஏழு… நாலு… நாலு… ஒண்ணு… சைபரு… ஆறு."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். மர்வா அடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை எழுத்தில், கரைசேர் டாட் இன், உரிமையாளர் ஷம்ஸியா, சரிபார்க்கப்பட்டது என்று வந்தது. மர்வா ஓவென்று அழுதுவிட்டாள். ஷம்ஸியா அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சல்மான் ஃபாரிஸின் கடிதம் மறுநாள் பதினொன்றே காலுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. சனிக்கிழமை அவனும் வந்தான்.

ஆனால் இந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை. சுடலைக்கண்ணு போனை வைக்காமல் இருந்தார்.

"சுடலை அண்ணே, இந்த நம்பருக்கு யாரு காசு போட்டா?"

"நான்தான் மைனி. மாசாமாசம்."

"ஒங்களுக்குத்தான் வேற நம்பர் இருக்கே. இது எதுக்கு?"

"கூப்பிட்டுக்கிட்டே இருக்காவளே. அண்ணாச்சி போன் எங்கிட்ட வந்த அன்னைக்கே ஒரு அம்மா கூப்பிட்டா. மகன் ஜெயில்ல இருக்கானாம். மறுநாள் வேற ஆளு. நான் எடுக்காம எப்படி இருக்க? எடுத்தா, அண்ணாச்சி இருக்காவளான்னு கேக்காவ. மவுத்தாயிட்டாவன்னு சொல்ல எனக்கு வாய் வரல மைனி. வெளிய போயிருக்காவ, வந்ததும் கூப்பிடுவாவன்னு சொல்லிட்டேன்."

"எல்லார்ட்டயுமா?"

"எல்லார்ட்டயும். பேரு, ஊரு, நம்பரு, வெசயம் எல்லாம் லோடுச் சீட்டுப் பின்னாடி எழுதி வச்சிருக்கேன். இருவத்திமூணு பேரு. அதைக் குடுக்க ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தேன். நீங்க இத்தாவுல இருக்கிய, ஆம்பிளையள் வரப்பிடாதுன்னு வாசல்லயே சொல்லிட்டாவ. சரின்னு திரும்பிட்டேன்."

ஷம்ஸியாவுக்கு முதலில் வந்தது கோபம். எவ்வளவு பெரிய பொய்! இருபத்துமூன்று வீட்டில் ஐம்பத்தாறு நாளாக போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள், மண்ணுக்குள் போன மனிதர் வந்து கூப்பிடுவார் என்று. இந்த ஆளைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவள், தானும் மத்தியானம் ஷமீமிடம் 'வந்துரும்' என்று சொன்னதை நினைத்துக்கொண்டு நிறுத்திக்கொண்டாள். அப்புறம் வந்தது அழுகை. அதை அவள் அடக்கவில்லை. அந்தப் பக்கம் சுடலைக்கண்ணுவும் அழுவது கேட்டது.

முக்காட்டு நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதப் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

"சந்தனமாரி, குலசேகரன்பட்டினம். புருசன் கப்பல் வேலைக்குப் போனவரு. சம்பளமும் இல்ல, சத்தமும் இல்ல."

எழுத ஒன்றும் கையில் அகப்படவில்லை. திரும்பிப் பார்த்தாள். பாத்து அடுப்படியிலிருந்து எப்போது வந்தாளோ, காஜா முகைதீனின் பழைய நோட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "வாசல்ல அவனத் திருப்பி அனுப்புனது நான்தான்" என்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

ஷம்ஸியா எண்ணைக் குறித்துக்கொண்டு, மர்வாவின் போனிலிருந்து அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"கரைசேர்ல இருந்து பேசுதேன்மா."

"அண்ணாச்சி வந்துட்டாவளா?" என்றது ஒரு பெண் குரல், அவசரமாக. "வந்ததும் கூப்பிடுவாவன்னு சொன்னாவ. ராத்திரி பகலா போனக் கையிலயே வச்சிட்டு இருக்கேன்."

ஷம்ஸியா சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். கா.மு. என்ற எழுத்தைப் பார்த்தாள். பாத்து அவள் தோளில் கை வைத்தாள்.

"அவுக மவுத்தாயிட்டாவம்மா" என்றாள் ஷம்ஸியா. "தொண்ணூத்தேழு நாளாச்சு."

"ஐயோ!" என்றது அந்தக் குரல். பிறகு, "அப்பம் நீங்க யாரு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"நான் ஷம்ஸியா. லெட்டர் எழுதுறவ. ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."